நாலாவது பாட்டும் பதினாலு லுங்கியும்

புதன்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு பாட்டு ஆல்பம் கேக்கணும்.

ஒம்பது பாட்டு. மொத்தம் அம்பது நிமிஷம். போன்லயே இருக்கு. சாப்ட்டு சாஞ்ச வாக்குல முடிச்சுடலாம்னுதான் நெனச்சேன்.

இதுல ஒரு சின்ன சிக்கல். அந்த ஆல்பத்த முழுசா கேட்டுட்டேன்னு நான் சொல்லி மூணு மாசம் ஆகுது.

என் பொண்டாட்டி சுகுணாவுக்கு ஒரு தம்பி. தணிகைவேல். சென்னைல கம்பெனி வேலைல இருந்தவன், அத வுட்டுட்டு மூணு பசங்களோட சேந்து ராக் பாட்டு போடறான். இவன் கிட்டார். அவன் வேலைய வுட்டப்பவே என் மாமனார் பாதி பேச்ச நிறுத்திட்டார். ஆல்பத்துக்கு 'துரு'ன்னு பேரு வெச்சான். மீதிப் பேச்சும் நின்னு போச்சு.

மாமனார் பள்ளிப்பட்டுல லுங்கி வியாபாரி. துணியில துருக்கறை ஒரு பொட்டு பட்டாலும் பீஸ கழிச்சுக் கட்டறவர். "ஒலகத்துல வேற பேரே கெடைக்கலயா இவனுக்கு?"ன்னு கேட்டவர்தான். அதுக்கப்புறம் புள்ளகிட்ட ஒரு வார்த்தை இல்ல.

ஆல்பம் வந்த அன்னிக்கு மச்சான் சொந்தக்காரங்க எல்லாருக்கும் லிங்க் அனுப்பினான். ஒருத்தரும் வாய தொறக்கல. எனக்குப் பாவமா இருந்துச்சு. "முழுசா கேட்டேன் மச்சான், செம"ன்னு அனுப்பினேன். நெருப்பு பொம்மை வேற மூணு போட்டேன். லிங்க்க தொடக்கூட இல்ல.

அந்த நெருப்புதான் புதன்கிழமை காலைல திரும்பி வந்து என்ன பத்த வெச்சுது.

மச்சான்கிட்டேர்ந்து மெசேஜ். அவனுக்கு நான் பாவா, அவங்கப்பா நைனா: "பாவா, ஞாயித்துக்கெழம கண்டிப்பா வரேன். நைனா இருப்பாருன்னு தெரியும், பரவால்ல. நம்ம குடும்பத்துல ஆல்பத்த முழுசா கேட்ட ஒரே ஆளு நீ. எந்தப் பாட்டு புடிச்சுது, ஏன் புடிச்சுதுன்னு உன்கூட உக்காந்து பேசணும்."

ஞாயித்துக்கெழம திருத்தணி மலையில என் பொண்ணுக்கு மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் பண்ணணும். இவன விட்டா எங்களுக்கு வேற தாய்மாமன் கிடையாது.

சுகுணா என் தோளுக்குப் பின்னால நின்னு மெசேஜ படிச்சுட்டா.

"நீங்க கேட்டீங்களா அத?"

நான் ஃபேன பாத்தேன்.

"அப்போ கேக்கல."

"கேக்கறேன்னுதான் இருந்தேன்…"

"இந்த வூட்ல அவன ஒரு மனுஷனா மதிச்சது நீங்க ஒருத்தர்தான்னு நெனச்சுகினு இருக்கான். அதுவும் பொய்னு மலை மேல வெச்சுத் தெரிஞ்சுதுன்னு வெய்ங்க, அவன் அப்புறம் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டான். அவன் வரலன்னா நானும் உங்க கூட பேச மாட்டேன். நாலு நாள் இருக்குது. உக்காந்து கேளுங்க."

சரி, கேப்போம்.

எங்க ஊரு ஆர்.கே.பேட்டை பக்கம். வீட்டுக்குப் பின்னால ஷெட்டுல நாலு பவர்லூம் தறி. ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து, காதுல இயர்போன மாட்டிகினு, மொதல் பாட்டப் போட்டேன்.

பத்து செகண்டுகூட ஆகல. எழுந்து ஓடிப் போய் ரெண்டாம் நம்பர் தறிய நிறுத்திட்டேன்.

தறி ஓட்டற ராணியக்கா என்ன ஒரு மாதிரியா பாத்தாங்க. "இன்னா தம்பி, நல்லா ஓடிகினு இருந்த தறிய எதுக்கு நிறுத்தின?"

"பேரிங் போற சத்தம் வருது அக்கா."

அக்கா குனிஞ்சு காத வெச்சுப் பாத்தாங்க. கைய வெச்சுப் பாத்தாங்க. "ஒண்ணும் இல்லயே."

இயர்போன கழட்டினேன். சத்தம் இல்ல. மாட்டினேன். பேரிங் கதறுது.

மச்சானோட கிட்டார்.

சின்ன வயசுலேர்ந்து தறிச் சத்தத்துலயே வளந்த காது இது. எந்தச் சத்தம் கேட்டாலும் எந்த நட்டு லூசுன்னுதான் மொதல்ல யோசிக்கும். ரெண்டாவது பாட்டுல பெல்ட் அறுந்துச்சு. மூணாவது பாட்டுல மோட்டார் எரிஞ்சுது. நாலாவது பாட்டு வரும்போது ராணியக்கா, "தம்பி, நீ வூட்டுக்குள்ள போய் கேளு, என்ன வேல செய்ய வுடு"ன்னு சொல்லிட்டாங்க.

வியாழக்கிழமை திருத்தணிக்குப் போய் மலையடிவாரத்துல ஞாயித்துக்கெழமைக்கு ரூம் சொல்லிட்டு, பள்ளிப்பட்டு பஸ்ல ஏறி ஜன்னலோரமா உக்காந்தேன். ரெண்டாவது தடவ. இந்த வாட்டி பேரிங் கொஞ்சம் பழகியிருந்துச்சு. அதான் தப்பு. மூணாவது பாட்டுலயே தூங்கிட்டேன்.

கண்ண முழிச்சா கண்டக்டர் எழுப்பறார். பள்ளிப்பட்டு. என் ஊரு எப்பவோ போயிடுச்சு.

எறங்கி திரும்பற பஸ் எப்போன்னு விசாரிக்கத் திரும்பினேன். எதுக்க என் மாமனார், கையில டீ கிளாஸோட.

"இன்னா மாப்ள, சொல்லாம கொள்ளாம?"

உங்க புள்ள பாட்டக் கேட்டு தூங்கிட்டேன் மாமான்னு சொல்ல முடியுமா?

"புது ஆர்டர் ஏதாவது இருக்குமோன்னு வந்தேன் மாமா."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துடுச்சு. கூப்பிடாம வந்து ஆர்டர் கேட்ட மாப்பிள்ளைய அவர் பாத்ததே இல்ல. கையோட கடைக்குக் கூட்டிகினு போய் ஒரு சீட்டு எழுதிக் குடுத்தார்.

சீட்டுன்னா, எந்தக் கலர் நூல் எத்தனை வாட்டி ஓடணும்னு எழுதற துண்டுக் காகிதம். அத பாத்துத்தான் தறியில கட்டம் விழும். நீலம் நாப்பது, வெள்ளை எட்டு. பெரிய கட்டம்.

"தறியில நெடுக்க இருக்கற பாவு அப்படியே ஓடட்டும். குறுக்குல மட்டும் கட்டத்த பெருசாக்குங்க. திங்கக்கெழம துணி வாங்கற பார்ட்டி வருது. ஞாயித்துக்கெழம மலைக்கு வரும்போது சாம்பிள் கட்டு ஒண்ணு கொண்டாந்துடுங்க."

"ஆங், ஆயிடும் மாமா."

ஆல்பம் கேக்கப் போனவன் ஆர்டரோட வந்தேன். சீட்ட சட்டப்பையில வெச்சவன் அதோட அத மறந்துட்டேன்.

ஏன்னா எனக்கு வேற கவலை. நாலாவது பாட்டு.

மத்ததெல்லாம் ஒரு மாதிரி புடிபட ஆரம்பிச்சுடுச்சு. ஆறாவது நல்லாவே இருந்துச்சு. எட்டாவதுக்கு கால் தானா ஆடுச்சு. இந்த நாலாவது மட்டும் அடங்கவே மாட்டேங்குது. தாளம் நல்லா போய்கினு இருக்கும், திடீர்னு இடறும். மலைப்படி எறங்கறவன் இன்னொரு படி இருக்குன்னு நெனச்சு தரையில கால வெச்சா ஒரு திடுக்குனு வருமே, அது மாதிரி.

எங்க தொழில்ல ஒண்ணு புரியலன்னா நாங்க யோசிக்க மாட்டோம், எண்ணுவோம். வெள்ளிக்கிழமை காலைல ஷெட்டுல உக்காந்து நாலாவது பாட்ட மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு டிரம்ஸ் அடிய எண்ணினேன்.

குண்டா விழற அடி நாலு. சன்னமா விழற அடி மூணு. திரும்ப நாலு, மூணு. ஆக ஏழு.

ஏழா? எனக்குக் கோவமே வந்துடுச்சு. எங்க தறியில ஒத்தைப்படை கிடையாது. குறுக்கு நூல இழுத்துகினு இந்தப் பக்கத்துலேர்ந்து போன நாடா திரும்பி இந்தப் பக்கம் வந்தாத்தான் அடுத்த கலர் மாத்த முடியும். போக ஒண்ணு, வர ஒண்ணு, எல்லாமே ரெட்டை. ஏழுல நிறுத்தினா நாடா அந்தப் பக்கம் அனாதையா நிக்கும். இவன் லுங்கிக்காரர் வூட்ல பொறந்துட்டு ஏழுல நிறுத்தறானே.

பதினோராவது தடவ கேக்கும்போதுதான் பிடிபட்டுச்சு. அவன் நிறுத்தல. மொதல் ஏழுல நாடா அந்தப் பக்கம் போகுது. அடுத்த ஏழுல வூட்டுக்கு வருது. அந்த இடறல், நாடா அந்தப் பக்கம் நிக்கற எடம். பாட்டு முழுக்க போறதும் வரதுமாவே இருக்கு.

கைமுடியெல்லாம் நட்டுகிச்சு. இவன் உக்காந்து யோசிச்சுதான் பண்ணியிருக்கான். இது தெரியாம மூணு மாசமா வெறும் நெருப்பு பொம்மையோட நிறுத்திட்டோமேன்னு எனக்கு நெஜமாவே வெக்கமா போச்சு.

மச்சான்கிட்ட காட்டணும்னு அந்த ஜோர்ல ஒரு துண்டுக் காகிதம் எடுத்து பாட்ட அப்படியே எழுதினேன். குண்டடிக்கு நீலம், சன்ன அடிக்கு வெள்ளை. கை பழக்கத்துல எல்லாத்தையும் ரெட்டிப்பா வேற எழுதிட்டேன். நீலம் எட்டு, வெள்ளை ஆறு. நீலம் எட்டு, வெள்ளை ஆறு. இப்படி எட்டு வரி. ஆறாவது வரியில மட்டும் வெள்ளை எட்டு வந்துச்சு. நாலு தடவ திரும்ப எண்ணியும் எட்டுதான். நான்தான் எங்கயோ தப்பா எண்ணறேன்னு அப்படியே வுட்டுட்டேன்.

எழுதி முடிச்சுட்டு என்ன பண்ணேன்? பதினேழு வருஷமா எழுதற சீட்ட எல்லாம் என்ன பண்றனோ அதயேதான் பண்ணேன். தறி பக்கத்து ஆணியில குத்திட்டு வந்துட்டேன்.

போற போக்குல, "அக்கா, மாமா புது கட்டம் குடுத்திருக்காரு, ஒண்ணாம் நம்பர்ல கட்டிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனேன்.

"ஆங், சரி"ன்னாங்க அக்கா.

மாமா குடுத்த சீட்டு வியாழக்கிழமை சட்டையோட சேந்து சோப்புத் தண்ணில ஊறிகினு இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷெட்டு பக்கம் போனப்போ, ராணியக்கா தறிக்குக் கலர் மாத்தச் சொல்ற இரும்புச் சங்கிலிய பிரிச்சுப் போட்டு யாரையோ திட்டிகினு இருந்தாங்க. "இவ்ளோ பொடிக் கட்டத்த எவன் கட்டுவான்? கண்ணு அவிஞ்சுடும். உங்க மாமனாருக்கு மூள கெட்டுப் போச்சா?"

காதுல எட்டாவது பாட்டு. எனக்கு அப்போ வாய் அசையறது மட்டும்தான் தெரிஞ்சுது. கட்டை விரல தூக்கிக் காட்டிட்டு வந்துட்டேன்.

சனிக்கிழமை முழுக்க கம்மல் வாங்க, மாலை சொல்லன்னு அலைஞ்சு சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஷெட்டுக்குள்ள வந்தா, மடிச்சு அடுக்கி இருக்குது. பதினாலு லுங்கி.

மேல இருந்தத எடுத்துப் பிரிச்சேன்.

பொடிப்பொடியா கட்டம். நீலம், வெள்ளை, நீலம், வெள்ளை. கையில இயர்போனும் இல்ல, போனும் இல்ல. ஆனா பாட்டு கேக்குது. நாலாவது பாட்டு. மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் துணியில ஓடுது. ஆறாவது வரியில வெள்ளை கொஞ்சம் தடிச்சு நிக்குது.

"அக்கா, இன்னா இது?"

"ஆணியில நீதானே மாட்டின."

வேற லுங்கி ஓட்ட நேரம் இல்ல. சாம்பிள் ரெடி ஆகலன்னு மாமாகிட்ட கைய விரிச்சுடலாம்னு முடிவு பண்ணி, லுங்கிக் கட்ட அலமாரி மேல தூக்கிப் போட்டேன். சுகுணாகிட்ட சொல்லலாம். ஆனா ஆல்பம் கேக்கப் போய் அவ அப்பா ஆர்டர கெடுத்தேன்னு எப்படி ஆரம்பிக்கறது?

ஞாயித்துக்கெழம. மச்சான் வந்தான். தோள் வரைக்கும் முடி. "கொழந்தைக்கு மொட்டையா, மாமனுக்கா?"ன்னு முடி எறக்கறவர் கேட்டார். சிரிச்சுகினே பாப்பாவ மடியில வெச்சுகினான். அது கத்தின கத்துல ஒம்பது பாட்டும் அடங்கிடுச்சு. மொட்டை, காதுகுத்து, சாமி தரிசனம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. மாமனார் மட்டும் புள்ளையோட நேரா ஒரு வார்த்தை பேசல. போட்டோ எடுக்கும்போதுகூட, "மாப்ள, அந்தத் தம்பிய கொஞ்சம் நவுந்து நிக்கச் சொல்லுங்க"ன்னார். அந்தத் தம்பி அரை அடி தூரத்துல நிக்கறான்.

மத்தியானம் அடிவாரத்துல ரூமுல உக்காந்தோம். சாப்பாடு வரணும். மச்சான் மடியில பாப்பா, தலையெல்லாம் சந்தனம். அவன் என் பக்கம் திரும்பி, "பாவா, இப்போ சொல்லு"ன்னு வாய தொறந்தான்.

அதே நேரம் மாமனார், "மாப்ள, சாம்பிள் எங்க?"

"மாமா, அது இன்னும் ரெடி…"

"ஏங்க, கொண்டாந்திருக்கோமே"ன்னா சுகுணா. "அலமாரி மேல வெச்சுட்டு மறந்துட்டீங்க. நான்தான் பைல எடுத்து வெச்சேன்."

பாப்பாவோட துணிப்பைலேர்ந்து பதினாலு லுங்கியும் வெளிய வந்துச்சு.

மாமனார் பிரிச்சார்.

"இன்னா மாப்ள இது? யாரு சொன்ன கட்டம்?"

அவர் சட்டப்பையிலேர்ந்து நூல் எண்ணற கண்ணாடிய எடுத்தார். கோவம் வந்தா அவர் கத்த மாட்டார், எண்ணுவார். லுங்கிய தரையில விரிச்சு, குனிஞ்சு, கண்ணாடிய வெச்சு வாய்விட்டு எண்ண ஆரம்பிச்சார்.

"எட்டு… ஆறு. எட்டு… ஆறு. எட்டு… ஆறு."

மச்சானோட விரல் பாப்பா முதுகுல தட்டிகினு இருந்துச்சு. மொதல்ல சும்மாதான் தட்டினான். அப்புறம் அவர் எண்ணறதோட சேந்து போச்சு. நாலு, மூணு. நாலு, மூணு.

"எட்டு… எட்டு." மாமனார் நிறுத்தினார். "ஆறாவது வரியில தப்பு. வெள்ளை கூட ஓடியிருக்குது."

மச்சான் விரலும் அங்கயே நின்னுடுச்சு.

"பாவா"ன்னான். கொரலே மாறிடுச்சு. "இது என்னோட நாலாவது பாட்டு."

ரூமுல ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல. நான் எல்லாத்தையும் கொட்டிட்டேன். மூணு மாசம் முன்னாடி சொன்னது பொய்ங்கறது, பேரிங், பள்ளிப்பட்டு பஸ், ஆணி, சோப்புத் தண்ணி, எல்லாம். "அன்னிக்குச் சொன்னது பொய் மச்சான். இன்னிக்குச் சொல்றேன், நாலாவது பாட்டு எனக்கு உசுரு. ஆறாவது வரியில மட்டும் நான் எண்ணறதுல தப்பிட்டேன், மன்னிச்சுடு."

"நீ தப்பல பாவா." அவன் லுங்கியத் தடவிப் பாத்தான். "டிரம்ஸ் வாசிச்ச பையன் அந்த எடத்துல ஒரு அடி சேத்து அடிச்சுட்டான். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் பாத்தேன். யாருக்குத் தெரியப் போவுதுன்னு வுட்டுட்டேன். இத்தினி மாசத்துல ஒருத்தரும் கண்டுபுடிக்கல."

மாமனார் கண்ணாடிய மடிச்சு பையில போட்டார். என்னப் பாத்து சொன்னார், "மாப்ள, அந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க. யாருக்குத் தெரியப் போவுதுன்னு வுட்டா துணி திரும்பி வரும்."

நான் திரும்பி, "மச்சான், யாருக்குத் தெரியப் போவுதுன்னு…"

"கேட்டுச்சு பாவா."

மாமனார் லுங்கிய மடிச்சுகினே, யாரையும் பாக்காம, "மத்த வரி எல்லாம் சுத்தமா இருக்குது"ன்னார். மச்சான் தலைய குனிஞ்சு பாப்பா காதுல கம்மல் சரியா இருக்கான்னு ரொம்ப நேரம் பாத்துகினு இருந்தான். சுகுணா மூக்க உறிஞ்சிகினே சாப்பாடு வந்துச்சான்னு பாக்க வெளிய போயிட்டா.

அவ போனதும் நான் மெதுவா கேட்டேன். "பொய் சொன்னேன்னு கோவமா மச்சான்?"

"எனக்கு அப்பவே தெரியும் பாவா. பாட்டு போட்ட ஆப்ல, எந்த ஊர்ல எத்தினி தடவ கேட்டாங்கன்னு எங்களுக்குக் காட்டும். மூணு மாசமா உங்க பக்கம் சைபர்."

"அப்புறம் எதுக்குடா ஒரே ஆளு நீதான்னு மெசேஜ் போட்ட?"

"அப்படிப் போட்டாலாச்சும் கேப்பியான்னுதான்."

நான் அவன் மடியிலேர்ந்து பாப்பாவ வாங்கிகினேன்.

"வெள்ளிக்கெழம ஒரு நாள்ல மட்டும் நாலாவது பாட்டு முப்பத்தெட்டு தடவ ஓடியிருந்துச்சு"ன்னான். "போன் கெட்டுப் போச்சோன்னு நெனச்சேன்."

சாயந்திரம் கெளம்பும்போது மாமனார் பதினாலு லுங்கியையும் சுருட்டி கக்கத்துல வெச்சுகினு பஸ் ஏறிட்டார். திங்கக்கெழம பார்ட்டிக்கு இன்னா சொன்னாரோ, கேக்க எனக்கு தைரியம் இல்ல.

புதன்கிழமை மச்சான் போன் பண்ணான். மூச்சு வாங்குது. "பாவா, நைனா போன் பண்ணாரு. அவரே பண்ணாரு. நாலாவது பாட்டக் கேட்டாராம்."

"இன்னா சொன்னாரு?"

"அந்த டிரம்ஸ் பையன் கூலில டேமேஜுக்குப் புடிச்சியான்னு கேட்டாரு."